அலுவலகத்துக்கு இரண்டு காலண்டர்

(பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். அலுவலக நேரத்தை ஏன் மாற்றுகிறோம் என்பதை மட்டும் நாம் சொல்கிறோம்.

நம்மிடம் சம்பளத்துக்கு இருப்பவர்கள் மூன்று பேர். மூவருமே காலை 10 முதல் மாலை 5 வரை இருக்கிறார்கள். காலையில் வருவது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்கள்தான். அதற்குப் பெண் ஊழியர் ஒருவர் போதும். கொத்து வேலைக்குப் போகிறவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு மனு கொடுக்க வருவாரா? மஃரிப் தொழுதுவிட்டு வருகிறார், பூட்டைப் பார்த்துத் திரும்புகிறார். ஆகவே மற்ற இருவரும் இனி பகல் 1 மணிக்கு வந்து இரவு 8 வரை இருப்பார்கள். இத்தாவில் இருக்கும் சகோதரி 4 மாதம் 10 நாள் இங்கே வர முடியாது. அவர் வீட்டுக்குப் பெண் ஊழியரே போய் மனு எழுதி வருவார்.

இன்னொன்று. பள்ளிக்கூடம் ஜூனில்தான் திறக்கும், அது நகராது. நம் மாதங்களோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்கின்றன. 2015, 2016-ல் ரமலானே ஜூனில் வந்தது. 2026-ல் ஹஜ்ஜுப் பெருநாள் மே கடைசி வாரம். குர்பானிப் பங்கு, தோல் கணக்கு, கல்லூரிச் சேர்க்கை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே பதினைந்து நாளில்! சென்ற ஆண்டு அட்டவணையை இந்த ஆண்டுக்கு அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. அந்தப் பதினைந்து நாளும் கல்லூரி மாணவர் இருவரைக் கூலிக்கு அமர்த்துகிறோம். கூடுதலாக உழைக்கும் ஊழியருக்குச் சேர்க்கை வேலை ஓய்ந்ததும் ஈடாக விடுப்பு உண்டு.

ரமலானில் மாலையில் யாரையும் உட்கார வைக்கமாட்டோம்; நோன்பு திறக்க வேண்டுமல்லவா? தராவீஹுக்குப் பின் ஒரு மணி நேரம் திறந்திருக்கும்.

"தொண்டு நிறுவனத்துக்குச் சம்பள ஆள் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் அதை வசூலிக்கும் பணியாளரையும் சூரா தவ்பாவின் 60-ஆம் வசனம் சேர்த்திருக்கிறது. ஆனாலும் நாம் ஜகாத்திலிருந்து ஒரு ரூபாயும் சம்பளத்துக்கு எடுப்பதில்லை. கடை வாடகையில்தான் கொடுக்கிறோம்.

புதிய நேரம், இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை முதல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகே திறப்போம்.