கன்றின் வாய்க்குச் சாணம் எட்டலாகாது



கோமாரியும் அடைப்பானும் ஊருக்குள் புகுந்தால் அன்றே ஊர் முழுவதும் அறிந்துவிடும். ஆனால் ஆரவாரமின்றி மந்தைக்குள் பல ஆண்டுகள் ஒளிந்திருந்து, கால்நடைகளை எலும்பும் தோலுமாக்கும் நோய் ஒன்று உண்டு. அதற்கு ஜோனிஸ் நோய் என்று பெயர். 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரில் ஜோன், பிராத்திங்ஹாம் என்னும் இரு அறிஞர்கள் இதனைக் கண்டு விவரித்தனர். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவே இதற்குக் காரணம். நம் நாட்டில் பசு, எருமை, வெள்ளாடு, செம்மறியாடு ஆகிய எல்லாவற்றிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது.

இக்கிருமி குடலின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. ஆகையால் மாடு வழக்கம்போல் தின்றாலும் தின்ற தீனி உடலில் ஒட்டுவதில்லை. காய்ச்சல் இராது, ஆனால் கழிச்சல் விட்டுவிட்டு வந்து, பின்னர் ஓயாமல் தொடரும். பால் வற்றும். தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். ஆடுகளிலோ கழிச்சலே காணாமல், மெலிவு மட்டும் தோன்றுவதும் உண்டு. குடற்புழுக்களாலும் தட்டைப்புழுவாலும் இத்தகைய குறிகள் தோன்றக்கூடும். எனவே கால்நடை மருத்துவரைக் கொண்டு சாணத்தையும் இரத்தத்தையும் பரிசோதித்தே நோயைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்நோய் பரவும் வழியைத்தான் நீங்கள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டும். நோயுற்ற மாட்டின் சாணத்தில் கிருமிகள் கோடிக்கணக்கில் வெளியேறுகின்றன. அந்தச் சாணம் புல்லிலும், தண்ணீரிலும், தாயின் மடியிலும் படிகிறது. கன்று புல்லைக் கடிக்கும்போதும், நீர் பருகும்போதும், பால் ஊட்டும்போதும் கிருமி அதன் வயிற்றினுள் செல்கிறது. பிறந்து ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளையே இது எளிதில் பற்றும். நோய் முற்றிய பசுவின் சீம்பால், பால் வழியாகவும், கருவிலிருக்கும்போதே தாயிடமிருந்தும் இது கன்றுக்குச் செல்வதுண்டு.

கன்றுப் பருவத்தில் பற்றிய நோய், இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் கழித்தே வெளித்தோன்றும். இதற்கிடையே, பார்வைக்குக் கொழுகொழுவென்றிருக்கும் மாடே சாணத்தின் வழியாக நோயைப் பரப்பிக் கொண்டிருக்கலாம். கழிச்சல் கண்ட மாடு ஒன்று எனின், வெளித் தெரியாமல் நோயைச் சுமப்பவை பல இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். இக்கிருமி உடலுக்கு வெளியே பெருகுவதில்லை. எனினும் வெயில் படாத நிழலிலும், குட்டை நீரிலும் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டளவும் உயிரோடிருக்கும்.

முற்றிய நோய்க்கு மருந்தில்லை. ஆகையால் சாணம் கன்றின் வாய்க்குச் செல்லும் வழியை அடைப்பதே நமது கடமை. கன்று ஈனும் இடத்தில் உலர்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். மடியைக் கழுவிய பிறகே கன்றை ஊட்ட விடுங்கள். கன்றுகளைப் பெரிய மாடுகளிடமிருந்து பிரித்து, மேடான இடத்தில் கட்டுங்கள். தீனியைத் தரையில் போடாது தொட்டியில் இடுங்கள். பச்சைச் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் கொட்டாமல் எருக்குழியில் மக்கவைத்துப் பயிருக்கு இடுங்கள். ஆட்டுக் கிடை போட்ட நிலத்தில் இளங்குட்டிகளை உடனே மேயவிடாதீர்கள்.

பஞ்சாயத்துகள் செய்யவேண்டியதும் உண்டு. கால்நடைகள் இறங்கிக் குடிக்கும் குட்டை ஒன்றே ஊரின் மந்தை முழுவதற்கும் நோய் கொடுக்கப் போதும். கரையில் உயரமான தண்ணீர்த் தொட்டி கட்டி, குட்டைக்கு வேலியிடுவது நல்ல முதலீடு. மந்தைவெளியில் ஒரு பகுதியைக் கன்றுகளுக்கென்று ஒதுக்குவதும் நலம்.

இறுதியாக ஒன்று. மெலிந்த மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். கடன் பட்டு அதனை வாங்கும் ஏழைக் குடியானவனின் தொழுவத்தில் அந்நோய் குடியேறுகிறது. பிறகு பொது மேய்ச்சல் வழியே நம் ஊருக்கே திரும்பவும் கூடும். நோய் உறுதியான மாட்டை விற்காமல் தனியே கட்டி, மருத்துவரின் யோசனைப்படி நடந்துகொள்ளுங்கள். புதிதாக வாங்கும் மாட்டைப் பரிசோதித்த பிறகே மந்தையில் சேருங்கள். இவ்வொழுங்கை ஊர் முழுவதும் ஒன்றுபட்டுக் கடைப்பிடித்தால், இன்று பிறக்கும் கன்றுகள் நோயற்ற பசுக்களாக வளரும்.