தண்டவாளம் வளர்த்த தனுஷ்கோடி



இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில், இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டின்மீது தனுஷ்கோடி இருந்தது. புண்ணியத் தலம் என்ற அளவிலேயே நம்மில் பலர் அதனை அறிவோம். ஆயினும் அவ்வூரை வளர்த்தது இருப்புப் பாதை. அப்பாதை போனபின் ஊரும் எழவில்லை. அவ்வரலாற்றையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

முன்னாளில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறினர். 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் வழி மாறிற்று. தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை பாம்பனைக் கடந்து நேரே தனுஷ்கோடி சென்றது. இராமேசுவரத்திற்குக் கிளைப்பாதைதான்! சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் ஒரே சீட்டில் தனுஷ்கோடி வந்து, துறைமேடையில் நின்ற நீராவிக் கப்பலில் ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தலைமன்னார் சேர்வார். அங்கிருந்து மீண்டும் இரயிலிலே கொழும்பு செல்வார்.

இதனால் மணற்காட்டில் ஓர் ஊர் எழுந்தது. நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், பள்ளி, மருத்துவமனை, கோயில், மாதா கோயில், உணவு விடுதிகள் யாவும் அமைந்தன. கூலியாட்கள், இரயில்வே ஊழியர், கடைக்காரர், மீனவர் அங்கே குடியிருந்தனர். ஓர் ஏரும் உழாத ஊர் அது. வண்டியும் கப்பலும் வந்தால்தான் அங்கே பலர் வீட்டில் அடுப்பெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் கிராமத்து ஏழைத் தொழிலாளரும், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பெற்ற பின், இவ்வழியேதான் கடல் கடந்தனர்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் அத்தீவைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணி வண்டி தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் கடல் அலை அதனை வாரிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் எவரும் பிழைத்திலர். சீட்டுப் பெறாது ஏறியோர் அக்கணக்கில் சேரார். புயலில் மாண்டோர் மொத்தம் ஏறத்தாழ 1,800 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. ஊர் விடிவதற்குள் மணலும் இடிசுவருமாயிற்று.

இனி நாம் சிந்திக்க வேண்டிய பகுதி. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் 126ஐ அலை அடித்துச் சென்றிருந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் அப்பாலம் செப்பனிடப்பெற்றது. வியக்கத்தக்க பணிதான். ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் இடப்படவில்லை. இராமேசுவரமே கடைசி நிலையமாயிற்று. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. 1980களில் அதுவும் நின்றது. புயலுக்கு இரு திங்களுக்கு முன்னரே சாஸ்திரி – சிறிமாவோ உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. அதன்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் வந்திறங்கியது இராமேசுவரத்தில்; தம் முன்னோர் கப்பலேறிய துறையை அவர்கள் காணவில்லை.

அம்மணலில் மீண்டும் நகரம் கட்டாதது சரியான முடிவென்றே கருதுகின்றோம். எனினும் முடிவு செய்தோர் கணக்கில் ஒரு சாரார் விடுபட்டனர். இரயில்வே ஊழியருக்கு வேறு நிலையம் உண்டு. வணிகருக்கு வேறு கடைவீதி உண்டு. மீனவருக்கு அக்கடலே தொழில். அவர்களிற் பலர் திரும்பி வந்து ஓலைக் குடிசையிட்டனர். ஊரில்லை என்று எழுதப்பட்ட இடத்தில் குடியிருப்போர்க்குப் பள்ளியும் சாலையும் கேட்பது எளிதா? அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பெற்றது 2017ஆம் ஆண்டில்தான். புயலடித்து அரை நூற்றாண்டுக்குப் பின்! கடலோர ஊராட்சிகளின் உறுப்பினர்கள் தம் எல்லைக்குள் இத்தகைய குடியிருப்பு எதுவும் பதிவேட்டில் விடுபட்டுள்ளதா என்று நேரிற் சென்று பார்க்க வேண்டுகின்றோம்.

உழவர்களுக்கு ஒரு செய்தி. இருபுறமும் உப்புக்கடல் இருக்க, அம்மக்கள் மணலில் ஆழமில்லா ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுக்கின்றனர். மணலில் இறங்கிய மழைநீர் கனம் குறைந்ததாதலால், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. பேராசையால் ஆழத் தோண்டினாலோ, எந்திரம் வைத்து மிகுதியாக இறைத்தாலோ உப்பு மேலேறிவிடும். அதனை அறிந்தே அவர்கள் குடம் நிறையும் வரை காத்திருந்து மொண்டு செல்கின்றனர்.