துபாஷியின் கடமை



அயல் மாநிலத்தில் புதிதாகக் குடியேறியவர், அவ்விடத்துப் பாஷை பழகும் வரையில், கடைவீதியிலும் அலுவலகத்திலும் ஒரு துபாஷியை நம்ப வேண்டியிருக்கிறது. கணினிக்குள்ளும் அத்தகைய துபாஷிகள் உண்டு. அவற்றுக்கு டிரைவர் என்று பெயர். கணினியின் நினைவகத்தையும் கருவிகளையும் ஆளுகின்ற அடிப்படை நிரல் கெர்னல் எனப்படும். வெளியிலிருந்து செருகப்படும் கருவி சொல்வதைக் கெர்னலுக்குப் புரியும்படி எடுத்துரைப்பதே டிரைவரின் தொழில்.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் இணையக் கம்பியைச் செருக இடமில்லை. ஆதலால் யு.எஸ்.பி. துளையில் சிறு அடாப்டர் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக ஊரிலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுகிறோம். இத்தகைய அடாப்டர்களில் இடம்பெறும் சில்லுகளுள் ஒன்று ஏ.எக்ஸ். 88179. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில், இந்தச் சில்லுக்கான டிரைவர் 2013ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

இச்சில்லு வந்த செய்திகளைத் தனித்தனியே தருவதில்லை. பலவற்றை ஒரே கட்டாகக் கட்டித் தருகிறது. கட்டின் கடைசி நான்கு பைட்டுகளில், உள்ளே எத்தனை பாக்கெட்டுகள், அவற்றின் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்னும் விவரம் இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் நீளத்தையும் அந்தப் பட்டியல் கூறும். டிரைவர் அதைப் படித்துக் கட்டைப் பிரிக்கும்.

குறை இங்கேதான் இருந்தது. பட்டியல் கூறுவது மெய்தானா என்று டிரைவர் சரிவரச் சோதிக்கவில்லை. பாக்கெட்டின் நீளத்தைக் கருவி மிகுத்துக் கூறினால், கட்டுக்கு அப்பாலுள்ள நினைவகமும் அந்தப் பாக்கெட்டைச் சேர்ந்ததாகவே கருதப்பட்டது. பார்சல் குமாஸ்தா, சீட்டில் எழுதியிருப்பதை நம்பி, அடுத்தவர் மூட்டையையும் எடுத்துக் கொடுத்துவிடுவது போன்றது இது.

இதன் விளைவு அற்பமன்று. வந்த செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் எதிரொலி முறை ஒன்று இணையத்தில் உண்டு. தீய நோக்குடன் செய்யப்பட்ட கருவி, நீளத்தைப் பொய்யாகக் கூறி அத்தகைய செய்தியை அனுப்பினால், மறுமொழியில் கெர்னலின் நினைவகத் துணுக்குகளும் சேர்ந்து வெளியேறின. குறையைத் திருத்தியவரே இதனைச் சோதித்துக் காட்டினார். அத்துணுக்கில் எவருடைய இரகசியம் இருக்கும் என்று யாரால் கூற முடியும்?

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட திருத்தம் எளியதே. பட்டியல் கட்டுக்குள் அடங்குகிறதா, ஒவ்வொரு பாக்கெட்டும் எஞ்சிய இடத்துக்குள் அடங்குகிறதா என்று டிரைவர் முதலில் அளந்து பார்க்கிறது. அடங்காவிடில் மேற்கொண்டு பிரிக்காமல் ஒதுக்கிவிடுகிறது.

நேர்மையான கருவி சரியான அளவையே கூறுமாதலால், அன்றாட உபயோகத்தில் இக்குறை தென்படவில்லை. யாவரும் படிக்கக்கூடிய நிரலிலேயே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அது தங்கியிருந்தது. எவரும் பார்க்கலாம் என்பது வேறு; ஒருவர் ஊன்றிப் பார்த்தார் என்பது வேறு.

எனவே, திருத்தங்கள் வரும்போது காலம் தாழ்த்தாமல் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். முன்பின் அறியாத கருவியைச் செருகாதீர்கள். கேட்டதை எடுத்துரைப்பதோடு துபாஷியின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதை அளந்து பார்ப்பதும் அவனுடைய கடமையே.