இரகசியச் சங்கமும் ஆளும் வர்க்கமும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இன்றைய வகுப்பின் பொருள், கிளைக் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. "உலகத்தை உண்மையில் ஆள்வது அரசுகள் அல்ல, ஒரு சில இரகசியச் சங்கங்கள்தாம் என்கிறார்களே, அது மெய்யா?" என்பதே அக்கேள்வி. கைப்பேசியில் வரும் காணொளிகளைக் கண்ட இளந்தோழர்கள் கேட்கிறார்கள். ஆலை வாயிலில் தொழிலாளர்களும் கேட்கிறார்கள். கேட்பவரை எள்ளி நகையாடி அனுப்பிவிடுதல் தகாது. தன் வாழ்வைத் தன் கைக்கு எட்டாத ஏதோவொன்று நிர்ணயிக்கிறது என்ற உணர்வு அக்கேள்விக்குள் இருக்கிறது. அவ்வுணர்வு பொய்யன்று, அதற்கு அவருக்குக் கிடைத்திருக்கும் விடைதான் பொய்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். இல்லுமினாட்டி என்ற பெயரை அறியாதார் இன்று அரிது. அது ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்த சங்கம். 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் அதனைத் தொடங்கினார். மதகுருமாரின் பிடியிலிருந்து அறிவை விடுவிக்க விரும்பிய படித்தவர்களின் குழு அது. 1784, 1785 ஆம் ஆண்டுகளில் பவேரிய மன்னர் ஆணை பிறப்பித்து அதைத் தடை செய்தார், சங்கம் சிதறிப்போயிற்று. அதன் முழு ஆயுள் ஏறக்குறைய பத்தாண்டுகளே.

பிறகு அது எப்படி உலகை ஆளும் சங்கமாயிற்று? 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1788இன் விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை ஏறி, வரிச்சுமையால் குடியானவன் நசுங்கி, அரசின் கருவூலம் கடனில் மூழ்கியிருந்த நாடு அது. ஆனால் முடியையும் திருச்சபையையும் போற்றியவர்களால், மக்கள் தாமே எழுந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஒப்புக்கொண்டால் எழுச்சியின் காரணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1797இல் பாருவேல் என்ற ஏசு சபைத் துறவியும், எடின்பரோவின் பேராசிரியர் ராபிசனும் தனித்தனியே நூல்கள் வெளியிட்டார்கள். கலைக்கப்பட்டதாகக் கூறப்படும் இல்லுமினாட்டியே புரட்சியைத் தூண்டியது என்பது அவற்றின் சாரம். இன்று நம் கைப்பேசிக்கு வரும் கதையின் மூலம் இதுதான். மக்கள் எழுச்சியை இழிவுபடுத்துவதற்காகப் பிற்போக்காளர் வனைந்த கதை அது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே கதை தொழிலாளி வர்க்கத்தின் மீதும் ஏவப்பட்டது. இல்லுமினாட்டி தொடங்கிய நாள் மே 1 என்பதால்தான் மே தினம் கொண்டாடப்படுகிறதாம்! 1886 மே முதல் நாள் எட்டு மணி நேர வேலை கோரி அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிகாகோவில் தலைவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். 1889இல் பாரிஸில் கூடிய சர்வதேச சோசலிஸ்டு மாநாடு அந்நாளை உலகத் தொழிலாளர் நாளாக்கியது. 1923இல் சென்னையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். இத்தனை குருதியும் வியர்வையும் ஒரு பேராசிரியரின் சங்கப் பதிவேட்டில் ஒரு வரியாகச் சுருக்கப்படுகின்றன.

இக்கதையின் மிகக் கொடிய வடிவம் 1903இல் ரஷ்யாவில் அச்சேறியது. உலகை ஆள யூத மூத்தோர் தீட்டிய திட்டம் என்ற பெயரில் வெளிவந்த அந்த 'நெறிமுறைகள்' முற்றிலும் போலி. மூன்றாம் நெப்போலியனை எள்ளி மொரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சுக்காரர் 1864இல் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடப்பட்டது என்பதை 1921இல் லண்டன் 'டைம்ஸ்' நாளேடு இரு நூல்களையும் அருகருகே வைத்து மெய்ப்பித்தது. ஆனாலும் அது ஓயவில்லை. அமெரிக்காவில் மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு தம் சொந்தப் பத்திரிகை வழியே அதைப் பரப்பினார். ஜெர்மனியில் நாஜிகள் அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். கூலி குறைந்ததற்கும், வேலை போனதற்கும், பணம் செல்லாக்காசானதற்கும் காரணம் முதலாளித்துவம் என்று ஜெர்மானியத் தொழிலாளி சிந்திக்கத் தொடங்கியபோது, காரணம் உன் தெருவில் வாழும் யூதன் என்று சொல்லித் தரப்பட்டது. அப்பாடத்தின் முடிவு அறுபது லட்சம் யூதர்களின் படுகொலை. குருப்பும் ஐ.ஜி. ஃபார்பெனும் அக்காலத்தில் இலாபமே ஈட்டின.

அப்படியானால் சதிகளே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1951இல் ஈரான் தன் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. 1953 ஆகஸ்டில் அதன் பிரதமர் மொசாதேக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்கள் திட்டமிட்டுக் கவிழ்த்தன. அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆவணங்களே 2013இல் இதை ஒப்புக்கொண்டன. இத்தாலியில் 1981 மார்ச்சில் லிச்சியோ ஜெல்லி என்பவருக்குரிய இடத்தைச் சோதனையிட்ட காவல்துறை, 'பி-2' என்ற இரகசியக் கழகத்தின் உறுப்பினர் பட்டியலைக் கண்டெடுத்தது. 962 பெயர்கள், அமைச்சர்கள், படைத்தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், வங்கியாளர்கள். பட்டியல் வெளியானதும் அரசே கவிழ்ந்தது. இரகசியச் சங்கம் என்ற சொல்லுக்கு முழுமையாகப் பொருந்தும் சான்று இது.

ஆயினும் இவ்விரண்டையும் கூர்ந்து நோக்குங்கள். பி-2 தன் உறுப்பினர்களுக்கு அதிகாரத்தை அளிக்கவில்லை. ஏற்கெனவே அதிகாரத்தில் இருந்தவர்களே அதில் கூடினார்கள். அக்கழகம் கலைக்கப்பட்ட பின்னரும் இத்தாலியின் ஆலைகளும் வங்கிகளும் அதே வர்க்கத்தின் கையில்தான் இருந்தன. ஈரானில் நடந்தது சதிதான். ஆனால் சதியின் காரணம் சதியன்று, எண்ணெய். 1954இல் அமைந்த கூட்டு நிறுவனத்தில் பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு என்று பங்கு பிரிக்கப்பட்டது. சதி என்பது ஆளும் வர்க்கம் கையாளும் கருவிகளுள் ஒன்று. கருவியைக் கையென்று கருதுவதுதான் பிழை.

மேலும், தன் பணிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அவ்வர்க்கம் இருளைத் தேடிச் செல்வதில்லை. 2019 செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. எந்த மாளிகையின் நிலவறையில் அது அறிவிக்கப்பட்டது? ஒன்றிய நிதியமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்ற மதிப்பீட்டையும் சேர்த்தே அறிவித்தார். நூறு பேர் வரை வேலை செய்யும் ஆலையை அரசின் அனுமதியின்றி மூடலாம் என்றிருந்த வரம்பை முந்நூறாக உயர்த்திய சட்டத்தொகுப்பு, 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த வேளையில் நிறைவேறி, அரசிதழில் அச்சாகியது. அரசிதழைப் படிப்பாரில்லை, இல்லுமினாட்டிக் காணொளியை இலட்சம் பேர் பார்க்கிறார்கள்.

இரகசியம் தேவைப்பட்ட இடத்தில் அதையும் சட்டமாகவே இயற்றிக்கொண்டார்கள். தேர்தல் பத்திரத் திட்டம் அத்தகையது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை வாக்காளர் அறியக்கூடாது என்பதே அதன் சாரம். நிறுவனங்களின் நன்கொடைக்கு இருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. 16,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை இவ்வழியே பாய்ந்தது. இடதுசாரிகள் இப்பணத்தைத் தொட மறுத்ததோடு நீதிமன்றத்திலும் எதிர்த்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மறைக்கப்பட்டதை வெளிக்கொணர மனு, வாதம், இயக்கம் ஆகியவை தேவைப்பட்டன. முக்கோணத்துக்குள் இருக்கும் கண்ணை ரூபாய் நோட்டில் தேடியவர் எவரும் அதை வெளிக்கொணரவில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் நாளேடுகள் 'விலை ஏறியது', 'வேலை குறைந்தது', 'ரூபாய் சரிந்தது' என்று எழுதுகின்றன. எல்லாம் தன்வினை. விலை தானே ஏறிற்று, ஏற்றியவர் எவருமில்லை. முதலாளித்துவப் பொருளியல் எழுதும் இலக்கணம் இது. சதிக்கதை சொல்பவர் இதை மறுத்து 'ஏற்றினார்கள்' என்று பிறவினையாக்குகிறார். அதுவரை சரி. ஆனால் ஏற்றியவர் யாரென்று கேட்டால், வாக்கியத்துக்குள் தோன்றாத ஓர் எழுவாயைக் காட்டுகிறார்: பதின்மூன்று குடும்பங்கள், ஏதோ ஒரு மலையுச்சியில் கூடுகிற சபை. மார்க்சியம் இவ்விரண்டையும் ஏற்பதில்லை. ஆலை யாருடையது, உபரி யாருக்குச் சேர்கிறது, கடன் கொடுத்தவர் யார், சட்டம் எவர் நலனைக் காக்கிறது என்று கேட்டால் எழுவாய் வெளிப்படையாகவே தோன்றும். முதலாளி நல்லவராயினும் தீயவராயினும் போட்டி அவரைக் கூலியைக் குறைக்கத் தூண்டும். அதற்கு இரகசிய உறுதிமொழி எதுவும் வேண்டியதில்லை.

நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இப்பாடம் இருக்கிறது. 1836இல் பாரிஸில் ஜெர்மானியக் கைவினைஞர்கள் அமைத்த 'நீதியாளர் கழகம்' ஓர் இரகசியச் சங்கமே. 1847இல் மார்க்சும் எங்கெல்சும் அதில் சேர்ந்தபோது, சதிக்குழு மரபையும் தலைமை மீதான குருட்டு வழிபாட்டையும் விதிகளிலிருந்து களையச் செய்தார்கள். கழகத்தின் பெயர் கம்யூனிஸ்டுக் கழகம் ஆயிற்று. 1848 பிப்ரவரியில் அதன் கொள்கை அறிக்கை அச்சிட்டு வெளியிடப்பட்டது. நோக்கத்தை மறைப்பதை மறுதலித்தே அவ்வறிக்கை முடிகிறது.

சதி என்ற குற்றச்சாட்டு எப்போதும் நம் மீதுதான் வந்தது. 1852இல் கொலோன் வழக்கில் பிரஷ்யக் காவல்துறை கழகத்தின் 'மூலக் குறிப்பேடு' என்று ஒரு போலி ஏட்டையே தயாரித்து நீதிமன்றத்தில் வைத்தது. போலி அம்பலமான பின்னும் 11 பேரில் 7 பேருக்குச் சிறை. 1929 மார்ச்சில் தொடங்கிய மீரட் வழக்கிலும் அப்படியே: தொழிற்சங்கம் அமைத்தவர்கள் மன்னருக்கெதிராகச் சதி செய்தவர்களாக நிறுத்தப்பட்டார்கள். அவர்களோ குற்றவாளிக் கூண்டையே மேடையாக்கித் தம் கொள்கையை உலகறிய விளக்கினார்கள். தடையும் அடக்குமுறையும் தலைமறைவு வாழ்வைத் திணித்த காலங்களிலும் தோழர்கள் மறைத்தது தங்குமிடத்தைத்தான், கொள்கையை மறைக்கவில்லை. 1917 நவம்பரில் ஆட்சிக்கு வந்த போல்ஷ்விக்குகள் முதலில் செய்தவற்றுள் ஒன்று, ஜார் அரசு செய்திருந்த இரகசிய ஒப்பந்தங்களை நாளேடுகளில் வெளியிட்டது. மேற்காசியாவைப் பங்கிட்டுக்கொள்ள பிரிட்டனும் பிரான்சும் செய்த சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தை உலகம் அப்போதுதான் அறிந்தது.

இதை வெறும் அறிவுப் பொழுதுபோக்காக எண்ணாதீர்கள். 2020இல் கொரோனா பரவியபோது, டெல்லி நிஜாமுதீனில் கூடிய தப்லீக் ஜமாத்தினர் திட்டமிட்டு நோயைப் பரப்பினார்கள் என்ற பொய் நாடெங்கும் பரப்பப்பட்டது. பல ஊர்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகள் தெருவுக்குள் விடப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, ஜமாத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகக் குறிப்பிட்டு வழக்குகளை இரத்து செய்தது. அதற்குள் புலம்பெயர் தொழிலாளர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தே ஊர் சேர்ந்திருந்தார்கள். அந்நடைக்குப் பொறுப்பானவர் யாரென்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. பவேரியச் சங்கத்தைப் பற்றிய கதையைத் தீங்கற்றதென்று நம்பப் பழகிய மனம், அடுத்த கதையில் அண்டை வீட்டாரின் பெயர் வரும்போதும் நம்பும்.

சதிக்கதை இன்னொரு கேட்டையும் செய்கிறது. எல்லாம் எங்கோ முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்று நம்புபவர் சங்கத்தில் சேரமாட்டார், வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டார். கண்ணுக்குப் புலப்படாத பகைவனை எதிர்த்து எவரும் கோரிக்கை மனு கொடுக்க இயலாது. மேலாளரின் அறைக்கதவு கண்ணுக்குத் தெரிகிறது. அதன் முன் திரள இயலும்.

ஆகவே, தோழர்களே, இக்கேள்வியோடு ஒரு தொழிலாளி வந்தால் அவரை அருகே அமர்த்துங்கள். அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, பங்குகள் யாரிடம் உள்ளன, இலாபம் எவ்வளவு, கூலிக்குப் போனது எவ்வளவு என்று இருவருமாகப் படியுங்கள். எவரும் படிக்கலாம் என்று அச்சிட்டு வைக்கப்பட்ட ஏடு அது. அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் அத்தகைய ஓர் அறிக்கையையேனும் படித்து வருமாறு கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.