விதியும் விதிகளும்
(நெய்க்காரப்பட்டிக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய சட்டங்களைச் சொல்லும்படி தலைவரவர்கள் கேட்டுக் கொண்டார்கள். பழனிக்குப் பக்கத்து ஊரில் இதைப் பேசுவது பொருத்தந்தான். விசா வந்தவுடன் நம் பிள்ளை முதலில் ஜோசியனிடம் போகிறான். அப்புறம் மலைக்குப் போய் மொட்டையடிக்கிறான். விசாக் காகிதத்தை மாத்திரம் படிப்பதில்லை. கேட்டால் "விதிப்படி நடக்கும்" என்கிறான். நடப்பது விதிப்படிதான் அய்யா! ஆனால் அது பிரம்மா எழுதின விதியல்ல, சர்க்கார் எழுதின விதி.

தமிழ் ஜில்லாக்களிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாய் ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணி பின்னால் போனார்கள். ஏன் போனார்கள்? உள்ளூரில் நிலமில்லை, கூலியில்லை, தெருவில் நடக்கவும் ஜாதி விடவில்லை. போன இடத்தில் என்ன? இலங்கையில் "துண்டு" என்று ஒரு சீட்டு. கூலிக்காரன் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. தலையெழுத்து என்றால் அதுவல்லவா தலையெழுத்து! அதை 1921-ல் சட்டம் போட்டு அழித்தார்கள். பிரம்மா ஒன்றும் ஆட்சேபணை சொல்லவில்லை.

1922-ல் இந்திய சர்க்கார் குடியேற்றச் சட்டம் செய்தார்கள். 1930-க்குப் பின் ரப்பர் விலை விழுந்ததும், மலாயிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் கேட்டார்கள். கூலித் தகராறு வந்தது. 1938-ல் இந்திய சர்க்கார் மலாய்க்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள், 1939-ல் இலங்கைக்கும் நிறுத்தினார்கள். ஆலைக்குக் கரும்பு வண்டி வேண்டுமென்றால் வரச் சொல்வதும், வேண்டாமென்றால் திருப்புவதும் போலத்தானே இது?

நிற்க. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் கதை இதைவிட மோசம். 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை எந்த நாட்டாரும் அல்லாதவர்களாக்கிற்று. 1964-ல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை எழுதினார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தை பங்கு பிரிக்கிறவனாவது ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்! இங்கே கணக்கை முடித்துவிட்டு, அப்புறந்தான் மனுப்போடச் சொன்னார்கள்.

"அதெல்லாம் பழங்கதை" என்பீர்கள். சவுதியில் 2021 மார்ச்சில், வேலைக்காரன் முதலாளியின் அனுமதியில்லாமல் வேறு வேலைக்கு மாறலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் யாரை விலக்கினார்கள் தெரியுமா? வீட்டு வேலைக்காரர், தோட்டக்காரர், விவசாயக் கூலி, ஆடு மேய்ப்பவர்! நம் பக்கத்துக் காட்டு வேலைக்காரன் அங்கே போனால் எந்தப் பட்டியலில் விழுவான்?

அதற்காகப் போக வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. பண்ணையார் காலடியிலேயே கிடவென்று சொல்ல நமக்கென்ன யோக்கியதை? போகிறவன் விசாவில் "வேலை" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்கட்டும். கடையில் வேலை என்று சொல்லி ஆடு மேய்க்கும் விசா கொடுத்தால், கடைக்காரனுக்குள்ள சலுகை அவனுக்குக் கிடையாது. ஏஜெண்டு தன் கூலியாக 30,000 ரூபாயும் வரியும் மாத்திரமே வாங்கலாம் என்று 2017-ல் விதி வந்தது. அதற்கு ரசீது கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இங்குள்ள வாலிபர்களிடம் காகிதத்தைக் கொடுங்கள். அவர்கள் காசு வாங்காமல் படித்துச் சொல்லுவார்கள். ஜோசியனைப்போல் தட்சணை கேட்கமாட்டார்கள்.