பள்ளிக்கு வரும் நூலாசிரியர்



பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடல்களுள் நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடல் இவ்வவையினர் நன்கறிந்தது. குன்றத்துக்கு வந்த மக்கள் அங்கிருந்த ஓவிய மண்டபத்தில் நின்று படம் பார்க்கும் காட்சி அதில் வருகிறது. ஞாயிறும் கோள்களும் இயங்கும் சக்கரத்தைத் தீட்டிய படத்தின்முன் நின்று சிலர் வானத்தின் நிலையை அறிகின்றனர். சிலர் இரதியையும் காமனையும் காட்டி இவர் யாவர் என வினவ, உடன் வந்தோர் விடை பகர்கின்றனர். பூனை உருக்கொண்ட இந்திரன், கல்லாகிய அகலிகை, சினந்து நிற்கும் கௌதமன் எனப் படந்தோறும் ஒருவர் கேட்க ஒருவர் சொல்கின்றனர். பண்டைத் தமிழரின் ஓவியக் கலைக்குச் சான்றாக இப்பகுதியை எடுத்துக்காட்டுவதே ஆய்வாளர் வழக்கம். அதற்கு மேலும் ஒன்று அதில் உண்டு. அறியாதவர் கூசாமல் கேட்கிறார். அறிந்தவர் பொருளின் பக்கத்தில் நின்றே விளக்குகிறார். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. குழந்தைகளுக்காக அறிவு நூல் எழுதும் ஒருவர் தொடக்கப் பள்ளிக்குச் செல்வது பற்றிய இவ்வுரைக்கு இம்மண்டபத்தைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

அறிவு நூல் என்று இங்குக் குறிப்பது, கதையும் பாட்டும் அல்லாத குழந்தை நூலை. ஆறு, மலை, எறும்பு, மின்சாரம், பழைய கல்வெட்டு ஆகியவற்றைக் குழந்தைக்கு உள்ளவாறு எடுத்துரைப்பது அது. தமிழில் இவ்வகைக்குத் தக்க மதிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. குழந்தை இலக்கியம் என்றாலே பாடலும் கதையும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. அறிவு நூலைப் பாடநூலின் தங்கை என எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். இதில் கவிஞர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் இத்துறையில் உழைத்தோர் எளியவர் அல்லர். பெ. நா. அப்புசாமி 1891இல் பிறந்து 1986இல் மறைந்தவர், தொழிலால் வழக்கறிஞர். 1917இல் ‘தமிழர் நேசன்’ இதழில் தொடங்கிய அறிவியல் எழுத்தை ஏறத்தாழ எழுபதாண்டுக் காலம் விடாது தொடர்ந்தார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே கைதான் மின்சாரத்தையும் வானொலியையும் எளிய தமிழில் விளக்கியது. பெ. தூரன் கவிஞர், இசைப் பாடலாசிரியர். பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். பெரியோர்க்கான கலைக்களஞ்சியத்தை முடித்த பின்னரும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்து முடித்தார். கீர்த்தனை எழுதுபவருக்குக் கிணற்றுத் தவளையின் உடற்கூறு எதற்கு என்று எவரேனும் அவரைக் கேட்டிருந்தால், அவர் சிரித்திருக்கக் கூடும்.

மூன்றாமவர் இம்மதுரையோடு துயரமான தொடர்புடையவர். அழ. வள்ளியப்பா புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் 1922இல் பிறந்தார். வங்கிப் பணியாளராக இருந்துகொண்டே எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். குழந்தைக் கவிஞர் என்றே நாடு அவரைப் போற்றுகிறது. எனினும் தென்னாட்டு ஆறுகளைப் பற்றி அவர் எழுதிய ‘நம் நதிகள்’ தேசியப் புத்தக நிறுவனத்தின் வழியே பல இந்திய மொழிகளுக்குச் சென்ற அறிவு நூல். 1989 மார்ச்சில், நாகமலைக்கு அருகிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டமொன்றில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்று வலியுறுத்திப் பேசிய வேளையில் மயங்கி விழுந்தார், மீளவில்லை. திருப்பரங்குன்றத்திலிருந்து அவ்விடம் எட்டாத் தொலைவன்று. ஆண்டுதோறும் எத்தனையோ நினைவு நாள்களைக் கொண்டாடும் மதுரை இலக்கிய அமைப்புகள் இந்நிகழ்ச்சியைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.

இப்பெரியோர் நூல்கள் பள்ளியின் அலமாரிக்குள் சென்றன. அலமாரிக்குப் பூட்டும் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். புத்தகம் கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தால் பூட்டிய அலமாரிகள் தமிழ்நாட்டில் குறைவல்ல. 2023இல் அரசு தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நால்வகைச் சிறு நூல்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழ் 2022இல் வெளிவரத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் ‘துளிர்’ இதழை 1987இலேயே தொடங்கினர். நூல் இல்லை என்ற குறை ஓரளவு தீர்ந்திருக்கிறது. எழுதியவரைக் குழந்தை கண்டதில்லை என்ற குறையே எஞ்சி நிற்கிறது.

கண்டால் என்ன பயன்? இவ்வினாவுக்கு அரவிந்த் குப்தாவின் வாழ்க்கை தக்க விடை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளர் அவர். 1978இல் வேலைக்கு விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்றார். அங்கே சிற்றூர்ப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் 1972 முதல் நடந்துவந்தது. ஊர்ச் சந்தையில் அவர் வாங்கியவை தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தீக்குச்சிகளை அதில் செருகினால் முக்கோணமும் சதுரமும் வீடும் பிறக்கும். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது. முக்கோணத்தை அழுத்தினால் அசைய மறுக்கிறது. பாலத்திலும் கூரையிலும் முக்கோணம் ஏன் என்பது குழந்தைக்கு விரல் வழியே விளங்கிவிடுகிறது. அதையே அவர் நூலாக எழுதினார். நூலைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குச் சென்றார். 2018இல் பத்மஸ்ரீ விருது வந்தது. விருதைவிட வால்வு டியூபின் விலையே இங்கு நோக்கத்தக்கது. பணமில்லை என்று எந்தப் பள்ளியும் சொல்ல இயலாத அறிவியல் அது.

மேலை நாடுகளில் நூலாசிரியர் பள்ளிக்குச் செல்வது ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் குறித்து அறிவிப்பர். ஸ்காட்லாந்தில் அக்கட்டணத்தின் ஒரு பகுதியைப் பொது நிதியிலிருந்து தரும் ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டில் நடப்பதை மறைத்துப் பயனில்லை. எழுத்தாளர் தம் காசில் பேருந்தேறி வருவார். பொன்னாடை ஒன்று போர்த்தப்படும். நினைவுப் பரிசாக ஒரு கண்ணாடிப் பேழை தரப்படும். இரண்டையும் சுமந்துகொண்டு மீண்டும் பேருந்தேறுவார். அவ்விரண்டுக்கும் செலவான தொகையில் அவருடைய சிறு நூல்களை வாங்கிக் குழந்தைகள் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. எழுத்தை நம்பி வாழும் ஒருவரை மீண்டும் மீண்டும் இலவசமாக அழைப்பது, முடிவில் ஓய்வூதியம் உள்ளோர் மட்டுமே பள்ளிக்குச் செல்லும் நிலையை உண்டாக்கும். வழிச்செலவும் ஒரு சிறு மதிப்பூதியமும் கேட்டுப் பெறுவது இழிவன்று. தலைமையாசிரியர் தம் சட்டைப் பையிலிருந்து அதைத் தருவது மட்டும் கூடாது. ஊர்தோறும் உள்ள இலக்கிய அமைப்புகள் அப்பொறுப்பை ஏற்கலாம்.

பணத்தினும் பெரிய சிக்கல் ஒன்று 2024இல் வெளிப்பட்டது. சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் தன்னம்பிக்கை உரையாற்ற வந்த வெளியார் ஒருவர், உடற்குறையோடும் வறுமையோடும் பிறப்பதற்கு முற்பிறப்பின் வினையே காரணம் எனப் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படும் என அரசு அறிவித்தது. அந்த ஆசிரியரின் துணிவு போற்றத்தக்கது. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் வெளியார் எவரையும் உள்ளே விடத் தலைமையாசிரியர்கள் தயங்குவர் அல்லவா? அத்தயக்கம் நியாயமானதே. அதைக் களைய வேண்டிய கடமை வருகின்றவருடையது. சொற்பெருக்காளருக்கும் அறிவு நூலாசிரியருக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையே கண்டுபிடித்துவிட முடியும்; ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் போதும். முன்னவர் குரலை உயர்த்துவார். பின்னவர் பையிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்துக் காட்டுவார்.

எதை எடுத்துக் காட்டுவது என்பதற்கு இக்குன்றமே சான்று தரட்டும். திருப்பரங்குன்றத்துக் கருவறை குடைவரை என்பதை உள்ளூர்க் குழந்தைகள் கேட்டிருப்பர். அது பாண்டியர் காலத்தது என்று சொல்லி நிறுத்துவது பாடநூல். நூலாசிரியர் அங்கே நிற்கக் கூடாது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தில் சாத்தன் கணபதி என்னும் அதிகாரி இங்கே திருப்பணி செய்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் கல்வெட்டுக் கூறுகிறது. அதில் கலியாண்டு 3874 என்ற எண் இருக்கிறது. கலியாண்டிலிருந்து 3101ஐக் கழித்தால் கிறித்து ஆண்டு கிடைக்கும். கழித்தால் 773. நான்கு இலக்கக் கழித்தல் தொடக்கப் பள்ளிக் கணக்குத்தான். குழந்தை தன் சிலேட்டில் அக்கணக்கைப் போட்டு முடிக்கும்போது, ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு நாளைத் தானே கண்டுபிடித்துவிடுகிறது. ஆனைமலை நரசிங்கர் குடைவரைக்குரிய கலியாண்டு 3871. இரண்டில் எது மூத்தது, எத்தனை ஆண்டு மூத்தது என்ற அடுத்த கணக்கையும் அது கேளாமலே போட்டுவிடும். நக்கன் கொற்றி என்ற பெயரைக் கேட்டு ஒரு சிறுமி, அந்தக் காலத்தில் பெண் பெயரைக் கல்லில் வெட்டுவார்களா என்று கேட்கக் கூடும். அன்றைய வருகையின் முழுப் பயனும் அவ்வினாவிலேயே வந்துவிடும்.

பாறையைப் பற்றியும் பேசலாம். டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே இறுகிப் போன பாறை இது. டைனோசர் என்றால் அமெரிக்கப் படத்தில் வருவது என்று எண்ணியிருக்கும் குழந்தை, தான் நாள்தோறும் காணும் மலை அவ்விலங்கினும் மூத்தது என்றறிந்தால், மறுநாள் மலையை வேறு கண்ணோடு பார்க்கும். இங்கும் எப்படித் தெரியும் என்ற வினா எழும். பாறையின் கனிமத் துகளுள் யுரேனியம் சிறுகச் சிறுக ஈயமாக மாறும் வேகத்தைக் கொண்டு அகவை கணிப்பர் என்பதை, ஐந்தாம் வகுப்புக்கு எரியும் மெழுகுவத்தியைக் கொண்டு விளக்கலாம். முதலில் இருந்த நீளமும் மெழுகு உருகும் வேகமும் தெரிந்தால், எஞ்சிய நீளத்தைப் பார்த்து எப்போது ஏற்றினார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? இத்தகைய உவமையைத் தேடிப் பிடிப்பதுதான் அறிவு நூலாசிரியரின் உழைப்பு. அவ்வுழைப்பு கவிஞரின் உழைப்புக்கு உறவு முறை. ஒரே வேறுபாடு, இவ்வுவமை பொய்யாகிவிட்டால் நூலே பொய்யாகிவிடும்.

2014இல் பால சாகித்திய விருது பெற்ற இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’, வேதாளம் வினவ விக்கிரமாதித்தன் விடை கூறும் பழங்கதை முறையை அறிவியலுக்கு எடுத்துக்கொண்டது. ஆசிரியர் தொழிலில் இருந்தவர் என்பதால், குழந்தையின் வினாவே நூலுக்கு உயிர் என்பதை அவர் அறிந்திருந்தார். நாள்தோறும் குழந்தைகளோடு பழகும் வாய்ப்பில்லாத நூலாசிரியருக்கு அவ்வறிவு எங்கிருந்து வரும்? பள்ளிக்குச் செல்வதால் குழந்தைக்கு மட்டும் நன்மை என்று கருதுவது பாதி உண்மையே. கைப்படியாக இருக்கும்போதே ஒரு நூலைக் குழந்தைகள் முன் படித்துக்காட்டினால், எந்த வரியில் அவை கொட்டாவி விடுகின்றன, எந்தச் சொல்லில் முகம் சுருங்குகிறது என்பது தெரிந்துவிடும். அச்சான பின் வரும் மதிப்புரைகளில் அது தெரிவதில்லை. மதிப்புரையாளர் கொட்டாவியை மறைக்கத் தெரிந்தவர்.

செல்கின்றவர் மனத்திற்கொள்ள வேண்டிய நடைமுறைகள் சில. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் இருவரே. ஐந்து வகுப்பும் இரண்டு அறைகளில் இருக்கும். ஆறு வயதும் பத்து வயதும் ஒரே பாயில் அமர்ந்திருக்க, ஒரே உரை இரு சாராருக்கும் பொருந்தாது. முப்பது நிமிடத்துக்கு மேல் பேசுவது குழந்தைகளுக்கு இழைக்கும் கொடுமை. ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஆசிரியரை வகுப்பைவிட்டு அனுப்பிவிடக் கூடாது. வருகின்றவர் ஒரு நாள் விருந்தினர், மறுநாளும் வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரே. தெரியாத வினா வந்தால் தெரியாது என்று சொல்லி, விடையைத் தேடி ஒரு வாரத்துக்குள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். பள்ளியின் முகவரிக்கு வரும் அவ்வட்டையைப் பல குழந்தைகள் தம் வாழ்வில் வந்த முதற் கடிதமாகப் போற்றக் கூடும்.

இவ்வட்டம் பதினொன்றாம் ஆண்டில் ஒரு முயற்சியை மேற்கொள்ளத் தக்கது. தென்கால் கண்மாயைப் பற்றிக் குழந்தைகளுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு நூல். வைகை நீர் எவ்வழியே வருகிறது, மடை எத்தனை, கலிங்கு எங்கே, மறுகால் பாய்ந்தால் நீர் எவ்வூருக்குச் செல்லும், எந்தப் பறவை எந்தத் திங்களில் வருகிறது என்ற செய்திகளை மடைக்காரரிடமும் நீர்வளத் துறை அலுவலகத்திலும் கரையோரத்து முதியோரிடமும் கேட்டுத் தொகுக்க வேண்டும். வட்டத்துக் கவிஞர் ஒருவர் எழுதலாம். கண்மாயைப் பாடியோர் இங்குப் பலர், அதன் மடைகளை எண்ணியோர் எத்தனை பேர் என்பது அவரவர்க்கே தெரியும். கைப்படி முடிந்ததும் நிலையூர், தனக்கன்குளம், கீழக்குயில்குடித் தொடக்கப் பள்ளிகளில் அதைப் படித்துக்காட்டி, குழந்தைகள் கேட்கும் வினாக்களுக்கு ஏற்பத் திருத்திய பின்னரே அச்சுக்குத் தரவேண்டும். கார்த்திகையில் கண்மாயில் நீர் நிற்கும்; ஆனால் அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் ஆசிரியர்கள் இசையமாட்டார்கள். பொங்கல் விடுமுறை கழிந்த வாரம் ஏற்றது. அப்போதும் நீர் இருக்கும். குழந்தைகளைக் கரைமேல் வரிசையாக அழைத்துச் சென்று மடையருகே நிறுத்திக் காட்டலாம். தலைமையாசிரியர்களிடம் முன்னிசைவு பெற மார்கழிக்குள் எழுதிவிட வேண்டும்.