மொழியாராய்ச்சி யாருக்குப் பயன்பட வேண்டும்?



மொழியறிவைக் கல்வி, நிருவாகம், மருத்துவம் முதலிய துறைகளிற் பயன்படுத்த முயலும் ஆராய்ச்சியைப் பிரயோக மொழியியல் என்பர். அதற்கென உலகச் சங்கமொன்று 1964ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் நான்சி நகரிற் தோன்றியது. அன்று தொட்டு ஆராய்ச்சிகள் பெருகியுள்ளன. அவற்றாற் பயனடைந்தவர் யார் என்பதே நமது வினா.

எம்பிலிப்பிட்டியவுக்கு அப்பாலுள்ள நமது இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே 'பேர்' என்பது ஒரு நாட்சம்பளத்துக்கான பதிவு. 'அரைப்பேர்' என்றால் அரைநாட் சம்பளம். "இன்றைக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு தாய் சொல்லும்போது அவ்வழக்கை அறியாத ஆராய்ச்சியாளர் என்ன எழுதிக்கொள்வார்? ஒரு குடும்பத்தின் குறையே ஏட்டில் ஏறாது போய்விடும். 'பிரட்டு', 'கொந்தரப்பு', 'கவ்வாத்து' என்பனவும் இவ்வாறே. ஆதலால் மக்களின் பேச்சை உள்ளவாறு கேட்டறிதல் ஆராய்ச்சியின் முதற்கடமை.

இரண்டாவது, மக்களுடைய இடர்ப்பாட்டிலிருந்து வினா பிறத்தல் வேண்டும். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரிலே கறுப்பினப் பிள்ளைகள் சிலர் வாசிப்பிற் பின்தங்கினர். வழக்கு நீதிமன்றம் சென்றது. அவர்களது வீட்டுப்பேச்சு பிழைமொழியன்று, தனக்கென விதிகளுடையது என்று வில்லியம் லபோவ் முதலிய அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். அப்பேச்சை ஆசிரியர்கள் அறிந்து கற்பிக்க வழிசெய்யுமாறு 1979இல் நீதிமன்றம் பணித்தது. நமது பிள்ளைகளுக்கும் ஏட்டுத்தமிழ் வேண்டும். வீட்டுத்தமிழே அதற்கு ஏறும் படியாகட்டும். அதனை இகழ்ந்தால் பிள்ளை வாய்மூடிவிடும்.

மூன்றாவது, முடிவு மக்களிடம் திரும்புதல் வேண்டும். 1987இல் தமிழும் அரசகருமமொழியாயிற்று. 1988ஆம் ஆண்டின் திருத்தம், சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதிகளிலும் அலுவலகங்களோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையைத் தந்தது. ஆனால், விளங்காத தமிழில் எழுதிய படிவம் அவ்வுரிமையைப் பாதியாக்கும். படிவத்தை அச்சிடுமுன் தொழிலாளர் பத்துப்பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தயங்குகின்றனர் என்று பார்த்துத் திருத்துவதும் ஆராய்ச்சியே.

இளைஞர்களே, இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் போதும். பெரியோரிடம் தோட்டச்சொற்களைக் கேளுங்கள். பொருளையும், சொல்லும் இடத்தையும், தோட்டத்தையும் குறியுங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக்காட்டிப் பிழைதிருத்துங்கள். அவ்வேடு பள்ளி ஆசிரியரின் மேசையிலும் அலுவலகத்து மொழிபெயர்ப்பாளரின் கையிலும் இருக்குமாயின், நமது சங்கம் செய்த பணி நிலைக்கும்.